கரிசலில் ஓடிய படகு

சீனித்தாய்க்கு இரண்டு வகைக் கோபம் உண்டு. ஒன்று சத்தம் போட்டுவிட்டுத் தீர்ந்துபோகிற கோபம். குழாயடியிலும் ரேஷன் கடையிலும் அவள் காட்டுவதெல்லாம் அந்த வகைதான். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சண்டை போட்டவளிடமே போய்க் கொஞ்சம் காப்பித்தூள் கேட்டுக்கொண்டு நிற்பாள். மற்றது சத்தமே இல்லாத கோபம். அது எப்போதாவதுதான் வரும். வந்துவிட்டால் அவள் புருஷன் ராமசுப்பு, வடக்கே எங்காவது லோடு இருக்கிறதா என்று விசாரித்து லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது அந்த இரண்டாம் வகை.

அன்றைக்கு அவர்கள் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் மாமனார் ஊரில் இருந்தார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்ததில் ஊர்க் கண்மாய் நிறைந்து கிடந்தது. சின்னப் பிள்ளைகள் பலருக்கு அது கண்மாய் என்பதே அப்போதுதான் தெரியும். அதுவரை அவர்களுக்கு அது கிரிக்கெட் விளையாடும் இடம். ஊர் மொத்தமும் கரையில் உட்கார்ந்து தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் பார்க்க என்ன இருக்கிறது என்று மற்ற சீமைக்காரர்கள் கேட்கலாம். எங்களுக்கு இருக்கிறது.

அந்தத் தண்ணீரில் அன்றைக்கு ஒரு வெள்ளைப் படகு ஓடியது. முழங்கை நீளம். விளக்கெல்லாம் எரிந்தது, ஹாரன் கூட அடித்தது. ராமசுப்புவின் அண்ணன் துபாயில் ஏசி மெக்கானிக். அவன் குடும்பம் தீபாவளிக்கு வந்தபோது மகன் இசக்கிராஜாவுக்காகக் கொண்டுவந்தது. அண்ணன் பெண்டாட்டி மாரித்தாய், சீனித்தாய்க்கு ஓரகத்தி. அந்த உறவைப் பற்றி நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. மாரித்தாய் கெட்டவள் கிடையாது. பெட்டியைத் திறந்தால் சோப்பு, சென்ட், தைலம் என்று எல்லாருக்கும் அள்ளித்தான் கொடுப்பாள். என்ன விலை என்பதையும் கூடவே சேர்த்துக் கொடுப்பாள், அவ்வளவுதான்.

சீனித்தாயின் மகள் இசக்கிச்செல்வி அப்போது ஏழாம் வகுப்பு. காலையிலிருந்து இசக்கிராஜா பக்கத்திலேயே நின்றவள், கடைசியில் கேட்டே விட்டாள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ ரிமோட்ட நான் பிடிச்சுக்கிடட்டுமா?"

பையன் கொடுத்திருப்பான். கையைக்கூட நீட்டினான். கரையில் உட்கார்ந்திருந்த மாரித்தாய் முந்திக்கொண்டாள்.

"ஏலே, குடுத்துறாத! ஏட்டி செல்வி, அது நம்மூர் பொம்ம கிடையாது. கீழ போட்டு ஒடச்சேன்னு வையி, உங்கம்மா ஒரு வருசம் கட்டை அடுக்குனாலும் வாங்க முடியாது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கரையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சீனித்தாய் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். சட்டத்தில் குச்சிகளை வரிசை வரிசையாகச் செருகுவதற்குத்தான் கட்டை அடுக்குவது என்று பெயர். அந்த வேலையில் அவள் கை வேகத்துக்கு இன்னொரு கை அந்த ஆபீசில் இல்லை. அதைச் சிரிப்புக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது கூட அவளுக்குப் பெரிதாகத் தைக்கவில்லை. தைத்தது வேறு. செல்வி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை, முகம் சுளிக்கவில்லை. "அப்படியாம்மா?" என்பது போலச் சும்மா ஒரு பார்வை.

அந்தப் பிள்ளை அதுவரை, தன் அம்மாவால் ஆகாத காரியம் ஒன்று இருக்கும் என்று நினைத்ததே இல்லை. ராத்திரி ஒரு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தாலும் அம்மா பிடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கே வேண்டும் என்றால் இன்றைக்கே வெள்ளைச் சட்டை தைத்துவிடுவாள். அந்த ஒரு பார்வையில், மகள் கண்ணுக்குள் தான் ஒரு சாண் குள்ளமாகிவிட்டதைச் சீனித்தாய் கண்டாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நீங்க எப்ப ஊருக்குக் கிளம்புதீய?" என்று கேட்டாள்.

"கார்த்திகை கழிச்சுத்தான். ஏன்?"

"சும்மாதான்."

அவ்வளவுதான் பேச்சு. ராமசுப்பு அந்தச் "சும்மாதான்" என்பதைக் கேட்டதும் எழுந்து போய் லாரியின் டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தான்.

தீபாவளி போனசில் துணி, பலகாரம், வெடி எல்லாம் போக எழுநூறு ரூபாய் மிச்சம் இருந்தது. மிக்ஸி வாங்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதற்கு முதல் போடுவதாக நினைத்து அரிசிப் பானையில் வைத்திருந்தாள். அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நேரே பஜாருக்குப் போனாள். மிக்ஸி காத்துக்கொண்டிருக்கட்டும், அம்மி எங்கே போகிறது.

பஜாரில் சம்சுதீன் பாய் வைத்திருந்த பேன்சி ஸ்டோரில் வளையலிலிருந்து வால் கிளாக் வரை எல்லாம் கிடைக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாய் நிறையப் பேச்சு. பொருளை விற்கிறவர் என்பதைவிட, வாங்க வருகிறவரை உட்காரவைத்து நாலு வார்த்தை பேசுகிறவர் என்று சொல்லலாம்.

"போட்டு வேணும் பாய். ரிமோட்ட வச்சு ஓட்டுறது. வேகமாப் போகணும்."

பாய் சிரித்தார். "இந்த மழை பேஞ்சாலும் பேஞ்சுது, ஆளாளுக்குப் போட்டு கேக்குதீய. யாருக்குத் தாயி?"

"என் மகளுக்கு. இதுக்கு முன்ன ஓட்டுனது இல்ல. கையில ரொம்ப இல்ல பாய், எழுநூறுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

பாய் முதலில் ஒரு குட்டிப் பச்சைப் படகை எடுத்து வைத்தார். "முந்நூத்தம்பதுதான். புதுசா ஓட்டுற பிள்ளைக்கு இதுதான் தோது. மெதுவாப் போகும், கவுராது."

"மெதுவாப் போறதுக்குக் கடைக்கு எதுக்கு வாரேன்? தாளை மடிச்சு நானே விட்டுற மாட்டனா?"

அடுத்தது பெரிசாக, மாடி வைத்து, சுற்றிலும் பல்பு வைத்து இருந்தது. ஆயிரத்து நூறு, வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். சீனித்தாய் அதைக் கையில் தூக்கி இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"கல்யாண மண்டபம் கணக்கா இருக்கு. மேல இவ்வளவு கனத்த வச்சா திரும்பையில சாஞ்சுராதா?"

"சாயும்" என்றார் பாய், உண்மையை மறைக்கத் தெரியாமல். பிறகு உயரத்திலிருந்து கறுப்பு நிறத்தில் ஒன்றை இறக்கினார். "இது ரெண்டு மோட்டாரு. பேச்சே கிடையாது, பறக்கும். ஆயிரத்து எண்ணூறு." சீனித்தாய் நீட்டிய கையை அப்படியே மடக்கிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கல்லாவுக்குக் கீழே தரையில் கிடந்த மூன்று பெட்டிகளைப் பார்த்தாள். சணல் போட்டுக் கட்டியிருந்தது. ஒரு பெட்டி கிழிந்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூரிய மூக்கு எட்டிப் பார்த்தது.

"அது என்ன பாய்?"

"அத விடு தாயி, செத்த சரக்கு. ஆயிரத்து நானூறு சொல்லி மூணு பேருக்குக் குடுத்தேன். மூணும் அன்னைக்கு ராத்திரியே திரும்பி வந்துருச்சு. சார்ஜ் ஏறுது, லைட்டு எரியுது, பின்னால உள்ள காத்தாடி மட்டும் சுத்த மாட்டேங்குது. நானும் இங்கன வச்சு அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன். மெட்ராஸ்காரனுக்குத் திருப்பி அனுப்பணும்."

"எடுங்க, பாப்போம்."

வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தார். மெலிந்த படகு. அடிவயிறு ஒடுங்கி, நடுவில் விளிம்பு கட்டியிருந்தது. மாடி இல்லை, மண்டபம் இல்லை, ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பு. வயிற்றில் பித்தளையில் இரண்டு பொட்டு இருந்தது. அது எதற்கென்று பாய்க்கும் தெரியவில்லை. கூட வந்த தாளில் விவரம் இருந்தது, எல்லாம் சீனாக்காரன் எழுத்து.

சீனித்தாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது வேகமாக ஓடும் என்று கேட்டால் கடையில் உள்ள எல்லாவற்றிலும் இதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். செத்துப்போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. ஆனால் மனசுக்குள் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது.

"மூணும் ஒரே மாதிரியா செத்துச்சு?"

"அச்சு மாறாம."

"அதெப்படி பாய்? ஒரு குச்சி பத்தலன்னா குச்சியில கோளாறும்பேன். ஒரு பண்டலே பத்தலன்னா நாங்க குச்சியக் குத்தம் சொல்ல மாட்டோம். உரசுறவன் கையில ஈரம் இருக்கான்னு பாப்போம்." சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். "தண்ணியில விட்டுப் பாத்தீயளா?"

"வெளிய வச்சே சுத்தாதது தண்ணியில சுத்துமாக்கும்?"

"விட்டுப் பாத்தீயளா, இல்லையா?"

பாய் விட்டுப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போன மூன்று பேரும் விட்டுப் பார்க்கவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். குழாயில் தண்ணீர் வருகிற நாளை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைக்கிற ஊரில், ஒரு பொருள் ஓடுகிறதா என்று பார்க்க யார் தண்ணீரை ஊற்றுவார்கள்? குடத்தைக்கூட நாங்கள் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம், ஊற்றிப் பார்த்து அல்ல. படகையும் அப்படியே கையில் பிடித்து அமுக்கிப் பார்த்தார்கள். சுற்றாத படகைத் தூக்கிக்கொண்டு கண்மாய் வரை எவன் நடப்பான்?

இங்கேதான் சீனித்தாயின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வேண்டும். அவள் உடனே தண்ணீருக்கு ஓடவில்லை.

"முதல்ல விலையைச் சொல்லுங்க."

"செத்ததுக்கு என்ன விலை சொல்லச் சொல்லுத? அறுநூறு குடு. ஆனா ஓடலன்னு எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

"ஐநூறு."

"ஐநூத்தம்பது. ரிமோட்டுக்குப் பேட்டரி போட்டுத் தாரேன். போதுமா?"

"பேச்சு மாறப்படாது பாய்."

"சம்சுதீன் என்னைக்குத் தாயி பேச்சு மாறியிருக்கான்?"

பக்கத்தில் பூவனநாதன் டீக்கடை. டீக்கடை வாசலில் கிளாஸ் கழுவுகிற அலுமினியத் தொட்டி இருந்தது. சீனித்தாய் படகோடு போய் நின்றதும் பூவனநாதன் பதறினான்.

"அக்கா, அது காலையில பிடிச்ச தண்ணி. ராத்திரி வரைக்கும் அத வச்சுத்தான் ஓட்டணும்!"

"உன் தண்ணிய ஒண்ணும் குடிச்சுராது. தள்ளு."

ரிமோட்டைப் பாய் கையில் பிடித்திருந்தார். சீனித்தாய் படகைத் தொட்டியில் வைத்தாள். பாய் நம்பிக்கை இல்லாமல், ஆனால் முழு பலத்தோடு அமுக்கினார்.

படகு ஒரு சீறு சீறியது. தொட்டி விளிம்பில் மோதி, திரும்பி, மறுபடியும் மோதி, காலையிலிருந்து சேர்ந்த டீத் தண்ணீரையெல்லாம் வாரி இறைத்தது. பாயின் வெள்ளைச் சட்டையில் ஒரு பாகம், பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மேல் ஒரு பாகம், மிச்சம் பூவனநாதன் முகத்தில். பாய்க்கு விரலை எடுக்கத் தோன்றவில்லை. சீனித்தாய் படகை வெளியே தூக்கினாள். உடனே நின்றது. உள்ளே வைத்தாள், சீறியது. தூக்கினாள், நின்றது.

"அந்த ரெண்டு பொட்டு!" பாய் கத்தினார். "தண்ணி பட்டாத்தான் உசுரு வருது! பிள்ளைக விரல வெட்டிக்கிடப் படாதுன்னு செஞ்சிருக்கான் தாயி, சீனாக்காரன்!"

கொஞ்ச நேரம் எல்லாரும் சிரித்தார்கள், நனைந்தவர்கள் உட்பட. பிறகு பாய்க்கு வியாபாரம் ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது ஆயிரத்து நானூறு ரூபா சாமான், பாத்துக்க."

"இப்பத்தான செத்த சரக்குன்னீய?"

பாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டையைப் பிழிந்துகொண்டே, "கொண்டு போ. மிச்சம் ரெண்டுக்கும் உசுரு குடுத்திருக்கியே, அது போதும்" என்றார். சொன்ன சொல்லுக்குப் பேட்டரியும் போட்டுக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வீடு வரும் வரை சீனித்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. மிக்ஸிக்காரன் கடையைக் கடக்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செல்வி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நம்பாமல் மூடினாள். மறுபடியும் திறந்தாள். அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் சரி. அப்புறம்தான் தலைவலி ஆரம்பித்தது. கார்த்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் பந்தயம் வைத்துக்கொள்ளலாம் என்று ராமசுப்பு மூலம் ஊருக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது. இசக்கிராஜா அங்கேயே தண்ணீர்க்கரையில் இருக்கிறான், தினமும் ஓட்டுகிறான். செல்வி ஓட்டிப் பழக கோவில்பட்டியில் தண்ணீருக்கு எங்கே போவது? குடிதண்ணீர் டிரம்மில் விட்டால் படகு திரும்பக்கூட இடமில்லை. தண்ணீர் இல்லாமலோ அது அசையாது.

சீனித்தாய் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவள் முகம் கழுவிவிட்டு, "ரிமோட்ட எடுத்துக்கிட்டு வாட்டி" என்று மகளைத் தெருவுக்குப் பின்னால் இருந்த வெற்றுக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உழுது போட்டு, விதைக்காமல் விட்ட கரிசல் காடு. நடுவில் ஒரு வேப்பமரம்.

"இப்ப நாந்தான் போட்டு" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். "நீ ரிமோட்டுல அமுக்கு. எந்தப் பக்கம் அமுக்குதியோ அத வாயால சொல்லு. நான் ஓடுதேன். அந்த மரத்தச் சுத்திட்டு உங்கிட்ட வரணும்."

"அம்மா, ஆளுவ பாப்பாவ."

"பாக்கட்டும். நீ யார்ட்டயாவது வாயத் திறந்து சொன்ன, தொலைச்சுருவேன்."

ஓடினாள். மழை பெய்த கரிசலில் ஓடியவர்களுக்குத்தான் தெரியும், ஒவ்வோர் அடிக்கும் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், பத்தடி போவதற்குள் பாதத்தில் ஒரு செங்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தக் காலோடு அவள் மரம் வரை ஓடி, செல்வி சொன்னபடி சுற்றி, திரும்பி மகளைப் பார்த்து வந்தாள். வழியில் வெட்டிப் போட்ட கருவேல முள் குவியல்.

"இடது! இடது!" என்று செல்வி கத்தினாள்.

சீனித்தாய் இடது பக்கம் திரும்பினாள். நேரே முள்ளுக்குள் போனாள்.

"இடதுன்னு சொன்னேன்லம்மா!"

"எனக்கு இதான்டி இடது!" முள்ளை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து பிடுங்கிக்கொண்டே சீனித்தாய் கத்தினாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். எதிரே வருகிற படகுக்கு இடதும் வலதும் மாறிப்போகும். யாரும் சொல்லித் தராத விஷயம், முள் குத்தித் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் அதே வேலைதான். போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு. தெருப் பெண்கள் முதல் நாள், சீனித்தாய்க்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த நாள் பேசவில்லை, சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சீனித்தாய் ராத்திரி கால் வலியில் முனகினாள். நாலாம் வகுப்போடு ஓட்டப்பந்தயத்தை விட்டவள், இந்த வயதில் ஓடுகிறாள். ஆனால் செல்வி இப்போது யோசிக்காமலே திருப்பினாள். படகு எந்தப் பக்கம் முகம் வைத்திருந்தாலும் அவள் விரல் தப்பவில்லை. கடைசி இரண்டு நாள் சீனித்தாய் வேண்டுமென்றே நடுவில் நின்றாள், சறுக்கினாள், சும்மா சுற்றினாள். செல்வி ஒவ்வொரு தடவையும் அவளைச் சரியாகக் கொண்டு வந்து சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் ஊரே கூடிவிட்டது. ஆரஞ்சுப் படகைப் பார்த்துவிட்டு மாரித்தாய், "எம்புட்டுக்குடி வாங்குன?" என்று முதல் வேலையாகக் கேட்டாள். சீனித்தாய் பதில் சொல்லவில்லை. ஒரு மாதமாகக் குச்சி செருகும்போதெல்லாம் அவள் மனசுக்குள் ஒரு பதிலைச் செருகிச் செருகி வைத்திருந்தாள். ஜெயித்த பிறகு சொல்வதற்காக. பாதியிலேயே எடுத்துவிட அவளுக்கு இஷ்டமில்லை.

சோலைராஜ் என்று ஊரில் ஒரு பெரியவர். கபடிக்கு விசில் ஊதுகிறவர். அவரே படகுக்கும் விசில் ஊத வந்தார். தண்ணீருக்குள் தனியாக நின்ற கருவேல மரத்தைச் சுற்றிக்கொண்டு, எந்தப் படகு முதலில் கரைக்கு வருகிறதோ அது ஜெயித்ததாகக் கணக்கு. சோலைராஜ் விசில் ஊதினார்.

வெள்ளைப் படகு விளக்குப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி முன்னால் பாய்ந்தது. பெரிய மோட்டார், சும்மா சொல்லக் கூடாது. ஆரஞ்சு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனது. மரத்துக்குப் பக்கத்தில் வெள்ளை அகலமாக வளைந்தது, பெரிய உடம்பு அல்லவா. ஆரஞ்சு மரத்தை உரசினாற்போல் சுருக்கமாகத் திரும்பி முன்னால் வந்துவிட்டது. கரையில் விசில் பறந்தது.

ஆனால் வெள்ளை மறுபடியும் வேகம் பிடித்தது. பக்கத்தில் வந்து, அதன் அலை ஆரஞ்சை ஒரு தூக்குத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டது. படகு மூக்கைக் கோரைப்புல் பக்கம் வைத்துக்கொண்டு தடுமாறியது.  சீனித்தாய் தன்னை அறியாமலே இடது காலைப் பின்னால் வைத்து உடம்பை வலது பக்கம் சாய்த்தாள், காட்டில் ஓடும்போது செய்கிற மாதிரியே. செல்வி அவளைப் பார்க்கவே இல்லை. அந்தப் பிள்ளை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. விரல் தானாக அமுக்கியது, ஆரஞ்சு சிலுப்பிக்கொண்டு நேரானது.

இசக்கிராஜா இத்தனை நாளும் தனியாக ஓட்டியவன். பக்கத்தில் இன்னொரு படகு வருவதும், கரை முழுக்கக் கத்துவதும் அவனுக்குப் புதிது. அவசரத்தில் எதிரே வருகிற படகுக்குத் தன் கை வாக்கில் இடதை அமுக்கிவிட்டான். வெள்ளைப் படகு ஹாரன் அடித்துக்கொண்டே கோரைக்குள் போய்ச் செருகி நின்றது. ஆரஞ்சுப் படகு வந்த வேகத்தில் கரைமண்ணில் ஏறியது. ஏறியதும் அதன் காத்தாடி நின்றது.

கரை அதிர்ந்தது. சோலைராஜ் செல்வியின் கையைப் பிடித்துத் தூக்கினார். மாரித்தாய் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அவள் கேட்டது நியாயமான கேள்விதான்.

"ஏட்டி செல்வி, உங்க ஊருல குடிக்கவே தண்ணி கிடையாது. நீ எங்கன போயி ஓட்டிப் பழகுன? யாரு பழக்குனா?"

சீனித்தாய் மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். சொல்லிவிடாதே என்று தலையைக்கூட ஆட்டினாள். இத்தனை பேர் முன்னால், துபாய்க்காரி முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டில் படகு விளையாடிய கதை வெளியே வந்தால் ஜெயித்ததெல்லாம் போச்சு. ஆயுசு முழுக்க இந்த ஊர் சிரிக்கும். மகளுக்கும் தலைக்குனிவு.

செல்வி அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"எங்கம்மாதான், பெரியம்மா. அவதான் போட்டா ஓடுனா."

"என்னது?"

"எங்க வீட்டுக்குப் பின்னால காட்டுல. நான் ரிமோட்ட அமுக்குவேன், அம்மா போட்டு மாதிரி ஓடுவா. மரத்தச் சுத்தி, தினமும். முள்ளுக்குள்ளலாம் விழுந்தா."

 பிறகு கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ராமசுப்பு கூட வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டான். சீனித்தாய்க்குக் காதெல்லாம் சூடானது.

"சிரிக்காதீய!"

செல்வி போட்ட சத்தத்தில் சோலைராஜே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நாள் முழுக்க ஆபீசுல கட்டை அடுக்கிட்டு வந்து ஓடுனா. காலு வீங்கிப்போயி ஓடுனா. இந்தப் போட்டக்கூட எங்கம்மாதான் கண்டுபிடிச்சு வாங்குனா, கடைக்காரருக்கே தெரியல. உங்க யாராலயாவது அந்தக் கரிசல்ல ஓட முடியுமா? எங்கம்மா அளவுக்கு யாராலயும் ஓட முடியாது."

சிரிப்பு நின்றுபோனது. மகள் பேசிவிட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் இல்லை.  இவ்வளவு உயரத்தில் தன்னை யாரும் ஒருநாளும் தூக்கி வைத்ததில்லை என்று சீனித்தாய்க்குத் தோன்றியது.

மாரித்தாய் ஓரகத்தியை மேலும் கீழும் பார்த்தாள். கேலி செய்வதா, வியப்பதா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"நெசமாவாடி? நீயா ஓடுன?"

ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த பதில் சீனித்தாய்க்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. அது இனி வேண்டியும் இருக்கவில்லை. கரையில் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி, நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"ஆமாக்கா. நாந்தான் ஓடுனேன்."